பதித்த துண்டைக் கழற்றிய பிறகே பிடிக்கு நிறம் ஏற்ற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டைட்டானியத்துக்கு மின்சாரத்தால் நிறம் ஏற்றுவது பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். சாயம் ஒரு துளியும் சேர்க்காமல், வோல்டேஜை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஒரே உலோகம் பழுப்பு, ஊதா, நீலம், மஞ்சள், பச்சை என்று மாறுவதை எளிமையாக விளக்கியிருந்தார்கள். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மடக்குக் கத்தியின் பிடியை உதாரணம் காட்டிய இடத்தில், பதித்திருக்கும் மரம், சிப்பி, கார்பன் ஃபைபர் போன்றவை நிறம் மாறாது, ஆகவே பிடியை அப்படியே கரைசலில் இறக்கிவிடலாம் என்று எழுதியிருந்தது. மின்சாரத்தால் அவற்றுக்கு நிறம் ஏறாது என்பது சரி. இறக்கிவிடலாம் என்பது தவறு. அந்த வரியை நம்பி வேலை செய்தால் திருப்பிச் சரிசெய்ய முடியாத சேதம் வரும் என்பதால் இந்தக் கடிதம்.

டைட்டானியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. பிடியைக் கரைசலில் இறக்கி, நேர்முனையில் இணைத்து மின்சாரம் கொடுத்தால் அந்தப் படலம் தடிக்கிறது. ஒரு வோல்டுக்கு ஏறத்தாழ 2 நானோமீட்டர். படலத்தின் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியில் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலப்பதில்தான் நிறம் பிறக்கிறது. 15 முதல் 20 வோல்ட் வரை வெண்கலப் பழுப்பு, 25 அருகே ஊதா, 30 அருகே ஆழ்ந்த நீலம், 40-45இல் வெளிர்நீலம், 55-60இல் வெளிர்மஞ்சள், 65-75இல் இளஞ்சிவப்பும் கத்தரிப்பூ நிறமும், 85-90இல் நீலப்பச்சை, 100 அருகே பச்சை. உலோகக் கலவையையும் மேற்பரப்பையும் பொறுத்து இந்த எண்கள் சில வோல்ட் நகரும். உண்மையான சிவப்பும் கறுப்பும் இந்த முறையில் கிடைக்காது.

படலம் தடிக்கத் தடிக்க மின்சாரத்துக்குத் தடையாகிறது. எனவே தொடக்கத்தில் ஓடும் மின்னோட்டம் சில நொடிகளில் விழுந்து, கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போகும். அந்த வோல்டேஜுக்குரிய நிறம் வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இன்லே, அதாவது பதித்த துண்டு, உள்ள பிடியில் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். டைட்டானியம் அல்லாத, மின்சாரம் கடத்தும் பொருள் ஏறக்குறைய எதுவானாலும் அது பிடியோடு மின்தொடர்பில் இருந்து கரைசலையும் தொட்டுக்கொண்டிருந்தால், அதன் மேல் அப்படிப்பட்ட தடை உருவாகாது. மின்னோட்டம் முழுவதும் அந்த வழியாகவே ஓடும். மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் முள் இறங்காது. பவர் சப்ளை தன் வரம்பைத் தொட்டு வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும். குமிழைத் திருப்பி 60 வோல்டில் வைத்திருந்தாலும் பிடிக்கு உண்மையில் 20 வோல்ட்கூடக் கிடைக்காது. மஞ்சள் வராமல் பழுப்பிலேயே நிற்கிறதே என்று கரைசலில் கரைத்த பொருளைக் கூட்டுவதும் நேரத்தை நீட்டுவதும் நிலைமையை மோசமாக்கும். மின்னோட்டம் இறங்கவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு, வேறு எது கடத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

கார்பன் ஃபைபரைப் பிளாஸ்டிக் என்று நினைத்துவிடுகிறார்கள். இழை கார்பன், நன்றாகவே கடத்தும். மேலே பிசின் மூடியிருப்பதால் மல்டிமீட்டர் ஊசியைத் தட்டையான முகத்தில் வைத்தால் ஒன்றும் காட்டாது. பிடியோடு சமமாகத் தேய்த்த விளிம்பில், இழை வெளியே தெரியும் இடத்தில் ஊசியை அழுத்தி, மற்றதை டைட்டானியத்தில் வைத்துப் பாருங்கள். அடியில் பசை மெல்லியதாக இருந்தால் பெரும்பாலும் தொடர்பு காட்டும். அந்த நிலையில் கரைசலில் இறக்கினால் இழைகளின் மேல் ஆக்சிஜன் குமிழ் கிளம்பும், கார்பன் அரிக்கப்படும், பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தது போலாகும். மறுபடி மெருகேற்ற வேண்டுமானால் பக்கத்து டைட்டானியத்தில் உப்புத்தாள் படாமல் முடியாது. பட்டால் ஏற்றிய நிறம் போச்சு.

செம்பு, பித்தளை, வெள்ளி, டமாஸ்கஸ் எஃகு இவற்றைப் பதித்திருந்தால் இன்னும் மோசம். அவை நேர்முனையில் கரையும். செம்பு கரைந்து கரைசலுக்கு நீலச்சாயல் தரும், போய் எதிர்முனையான கேத்தோடில் படியும், பதித்த கோடு பள்ளமாகிவிடும். தங்கம் கரையாது, ஆனால் ஆக்சிஜனைக் கொட்டிக்கொண்டே மின்னோட்டம் முழுவதையும் விழுங்கும். சிர்கோனியம் ஒரு விதிவிலக்கு: அதன்மேலும் டைட்டானியத்தைப் போலவே ஆக்சைடு வளரும். ஆனால் அதே வோல்டேஜில் அதன் நிறம் வேறு. சூட்டில் கறுப்பாக்கிய சிர்கோனியத்தின் கறுப்பே ஆக்சைடுதான். அது நன்கு மூடியிருந்தால் கரைசல் குளியல் அதை ஒன்றும் செய்யாது.

கடத்தாத பொருள்களுக்கு ஆபத்து மின்சாரத்தால் அல்ல, கரைசலால். குளியலுக்குப் பயன்படும் டிரைசோடியம் பாஸ்பேட் கரைசல் வலுவான காரம். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளை அது கறுக்க வைக்கும். மரம் நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்ததும் சுருங்கும், விளிம்பில் முடி அளவு இடைவெளி விழும். பிசின் ஏற்றி இறுக்கிய மரம் கொஞ்சம் தாங்கும். எலும்பும் தந்தமும் உறிஞ்சி வெடிப்பு விடும். முத்துச்சிப்பியின் அடுக்குகளுக்கு நடுவே புரதம் உண்டு. நேரம் நீண்டால் காரம் அதைத் தாக்கி மினுமினுப்பை மங்கச் செய்யும். துணி அல்லது காகித அடுக்குகளைப் பிசினால் இறுக்கிய மைக்கார்ட்டாவின் வெட்டு விளிம்பு துணியையோ காகிதத்தையோ வெளிக்காட்டும் இடம். அது ஈரத்தை இழுத்து நிறம் அடர்ந்துபோகும். இந்த வரிசையில் அதிகம் பொறுப்பது ஜி-10 என்ற கண்ணாடி இழைப் பலகை ஒன்றுதான், அதுவும் அடுத்துச் சொல்லப்போகும் அமிலத்தைத் தொடாத வரை.

அந்த அமிலம் ஹைட்ரோஃப்ளூரிக். பழைய நிறத்தை உரிக்கவும், 65-70 வோல்டுக்கு மேற்பட்ட நிறங்கள் தெளிவாக வரவும் அந்த வகைத் திரவத்தில் பிடியைச் சில நொடிகள் காட்டி எடுப்பது வழக்கம். அப்படி அரித்து எடுக்காத டைட்டானியத்தில் பச்சை அழுக்குப்பச்சையாகத்தான் வரும். ஆனால் ஃப்ளூரைடு கண்ணாடியைக் கரைக்கும். ஜி-10 கண்ணாடி இழையால் ஆனது. சிப்பியின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். எந்த அமிலத்திலும் நுரைத்துக் கரையும். ஆகவே இன்லேயோடு பிடியை இந்த அமிலத்தில் தொடவே கூடாது. தங்கள் கட்டுரை இந்த அமிலத்தைத் துரு நீக்கி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட்டது. அதனால் ஒரு எச்சரிக்கையும் எழுத வேண்டியிருக்கிறது. நீர்த்த ஹைட்ரோஃப்ளூரிக் தோலில் பட்டால் உடனே எரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். அதற்குள் உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தடிமனான கையுறை, கண் பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம், காற்றோட்டம், கையெட்டும் தூரத்தில் இந்த அமிலம் பட்ட இடத்தில் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல். இவை இல்லாதவர்கள் 60 வோல்டுக்குக் கீழேயுள்ள நிறங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். அவற்றுக்கு அமிலம் தேவையில்லை. பழைய நிறத்தை உப்புத்தாளாலோ நைலான் தேய்ப்பானாலோ எடுத்துவிடலாம்.

ஆகவே முறை என்பது ஒன்றுதான்: துண்டைக் கழற்ற வேண்டும். எப்படிக் கழற்றுவது என்பது எதனால் ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரட்டைப்பக்க டேப் என்றால் ஹேர் டிரையர் சூடே போதும். சாதாரண எபாக்ஸி பசை 60 முதல் 80 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கும். சயனோஅக்ரிலேட் என்ற உடனடிப் பசையும் ஏறக்குறைய அப்படித்தான். ஹீட் கன்னைத் துண்டின் மேல் காட்டாமல் பிடியின் பின்புறத்தில் காட்டுங்கள். உலோகம் சூடேறிப் பசையை அடியிலிருந்து இளக்க வேண்டும். 120 டிகிரியைத் தாண்ட வேண்டிய அவசியம் இல்லை. டைட்டானியம் சூட்டால் நிறம் மாற அதைவிட மிக அதிக வெப்பம் வேண்டும் என்பதால் பிடியைப் பற்றிக் கவலை இல்லை. கவலை மரத்தையும் சிப்பியையும் பற்றித்தான்: மரம் காய்ந்து பிளக்கும், சிப்பி நொறுங்கும். அவற்றை மூடிய கண்ணாடிக் குடுவையில் அசிட்டோனில் ஒன்றிரண்டு நாள் ஊறப் போடுவது நல்லது. உடனடிப் பசை கரையும், எபாக்ஸி உப்பித் தளரும். தீயும் மின்பொறியும் அருகில் இருக்கக் கூடாது. சாயமேற்றிய சிப்பி, அக்ரிலிக், பிசினேற்றிய மரம் இவற்றுக்கு அசிட்டோன் ஆகாது. அவற்றுக்கு மெதுவான சூடுதான். நெம்பும்போது எஃகுத் திருப்புளியை உபயோகித்தால் பள்ளத்தின் விளிம்பு நசுங்கும். மூங்கில் குச்சியோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ போதும்.

புதிதாகப் பிடி செய்கிறவர்கள் பள்ளத்தின் அடியில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டுவைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. உட்பக்கத்தில் அது யார் கண்ணிலும் படாது. பின்னாளில் ஒரு கம்பியால் தள்ளினால் துண்டு முழுசாக வெளியே வரும். இந்தத் துளை இல்லாததால்தான் பல துண்டுகள் உடைகின்றன.

கட்டுரை தொடாத இன்னொரு முடிச்சு உண்டு. அனுபவசாலிகளும் இடறும் இடம் அது. பதித்த துண்டு பிடியோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டுமானால் இரண்டையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். ஒட்டித் தேய்த்த பிறகு நிறம் ஏற்றினால் துண்டு கெடும். நிறம் ஏற்றிய பிறகு ஒட்டித் தேய்த்தால் நிறம் அழியும். 100 வோல்டில்கூடப் படலத்தின் தடிமன் 0.0002 மி.மீ.தான், உப்புத்தாளின் ஒரு இழுப்புக்கு நிற்காது. வழி இது. முதலில் 0.1 மி.மீ. தடிமனுள்ள இரட்டைப்பக்க டேப்பால் துண்டைத் தற்காலிகமாக ஒட்டுங்கள். 220, 400, 600 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து மட்டம் செய்யுங்கள். கார்பன் ஃபைபர் என்றால் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். தூள் நுரையீரலுக்குக் கேடு. பிடிக்கு வேண்டிய இறுதி மெருகையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். துண்டின் அடியில் எந்த முனை முன்பக்கம், எது இடது, எது வலது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். நிறம் ஏற்றி முடித்தபின் நிரந்தரமாக ஒட்டும்போது பசைப் படலமும் அதே 0.1 மி.மீ. இருக்க வேண்டும். அந்தத் தடிமனுள்ள நைலான் நூல் துண்டுகள் இரண்டைப் பள்ளத்தின் அடியில் குறுக்கே கிடத்தி அதன்மேல் அழுத்தினால் மட்டம் தவறாது.

இனி குளியல். ஒரு லிட்டர் வடிநீருக்கு (காய்ச்சி வடித்த நீர்) 10 முதல் 20 கிராம் டிரைசோடியம் பாஸ்பேட். அது இல்லையென்றால் வெண்காரம் அல்லது சமையல் சோடா. அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறாது, நிறத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ்தான். கல் உப்பு மட்டும் வேண்டாம். குளோரைடு இருந்தால் குறைந்த வோல்டேஜிலேயே படலம் உடைந்து டைட்டானியத்தில் புள்ளிப் பள்ளங்கள் விழும், குளோரின் வாயுவும் கிளம்பும். குழாய்த் தண்ணீரை விலக்கச் சொல்வதும் ஓரளவு இதனால்தான். எதிர்முனைக்கு டைட்டானியத் தகடு அல்லது துருப்பிடிக்காத எஃகு, பிடியின் பரப்பைவிடப் பெரியதாக. நேர்முனையில் பிடியைத் தாங்குவது டைட்டானியக் கம்பியாகத்தான் இருக்க வேண்டும். செம்புக் கம்பியோ முதலைக் கிளிப்போ கரைசலில் நனைந்தால், மேலே செம்பு இன்லேக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். கம்பி தொடும் இடத்தில் நிறம் ஏறாத ஒரு புள்ளி நிற்கும். திருகுத் துளைக்குள் கம்பியை இறுக்கிச் செருகினால் அது மறைந்துபோகும். தளர்ந்திருந்தால் திட்டுத்திட்டாக வரும்.

பிடியிலிருந்து இன்லேயை மட்டும் கழற்றினால் போதாது. திருகு, கிளிப், பேரிங், நிறுத்து முளை, அலகைப் பூட்டும் நாக்கின் முனையிலுள்ள துண்டு எல்லாம் பெரும்பாலும் எஃகு. நாக்கில் அழுத்திப் பதித்த சிறு குண்டு எஃகா செராமிக்கா என்று காந்தத்தால் பார்க்கலாம். எஃகு என்றால் அதைக் கழற்ற முடியாது. நெயில் பாலிஷ் இரண்டு கோட் பூசிக் காய விடுங்கள். செராமிக் என்றால் விட்டுவிடலாம். காந்தம் ஒட்டாத எஃகும் உண்டு. சந்தேகமாக இருந்தால் பூசிவிடுவதே மேல்.

சுத்தம் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: பள்ளத்து விளிம்பில் பசை மிச்சம் துளிகூட இல்லாமல் சுரண்டி, பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து, வடிநீரில் அலசி, அசிட்டோனால் துடைத்து, அதன்பின் வெறும் விரல் படாமல் எடுக்க வேண்டும். விளிம்பில் பசை நின்றால் இன்லேயைச் சுற்றி ஒரு வெள்ளிக் கோடு விழும், அது எல்லார் கண்ணிலும் முதலில் படும்.

பவர் சப்ளையில் மின்னோட்ட வரம்பை அரை ஆம்பியரில் வையுங்கள். 15 வோல்டில் தொடங்கி ஒன்றிரண்டு வோல்டாக ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் மின்னோட்டம் விழுந்து முடியும்வரை பொறுங்கள். ஏற்றலாம், இறக்க முடியாது. தாண்டிவிட்டால் உரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். கரைசலுக்குள் தெரியும் நிறம் காய்ந்தபின் தெரியும் நிறம் அல்ல. ஈரம் இருந்தாலும் எண்ணெய் இருந்தாலும் சாயல் மாறும். அதனால் எடுத்து, வடிநீரில் அலசி, உலர்த்திப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இதே கலவை, இதே மெருகு உள்ள துண்டுத் தகட்டில் முதலில் சோதிப்பது நல்லது. கத்திப் பிடிகளில் மிகுதியாக வரும் கிரேடு 5 என்ற டைட்டானியக் கலவை, தூய டைட்டானியத்தைவிடச் சற்று மங்கலாகவே நிறம் பிடிக்கும். மணல் பீச்சிய பரப்பு மேலும் மங்கல். இரண்டு பக்கப் பிடிகளையும் ஒரே கம்பியில் கட்டி ஒன்றாக இறக்கினால்தான் நிறம் ஒத்துவரும்.

இரண்டு நிறம் வேண்டுவோர் பெரிய வோல்டேஜை முதலில் செய்ய வேண்டும். முழுப் பிடிக்கும் 55 வோல்டில் மஞ்சள் ஏற்றி, பள்ளத்தைச் சுற்றியுள்ள வரம்பை மட்டும் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, மறுபடி 28 வோல்டில் இறக்கினால் அந்த வரம்பு மட்டும் நீலமாகும். மஞ்சள் பகுதியை மூட வேண்டியதே இல்லை, தடித்த படலத்தை 28 வோல்ட் ஒன்றும் செய்யாது. நுணுக்கமான வேலை இன்லேக்குத் தரும் அழகு இதில்தான் தெரியும்.

இதில் உயிருக்கு ஆபத்தும் உண்டு. 60 வோல்டுக்கு மேற்பட்ட டி.சி. ஈரக்கையில் உயிரை எடுக்கும். வீட்டு மின்சாரத்தை நேராக டயோடு வைத்து மாற்றிப் பயன்படுத்தும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மின்மாற்றியால் பிரிக்கப்பட்ட சப்ளை தேவை. ரப்பர் கையுறை அணிந்து, சுவிட்சை அணைத்த பிறகே கரைசல் பக்கம் கை போக வேண்டும். எதிர்முனையில் ஹைட்ரஜன் வருவதால் சன்னல் திறந்திருக்கட்டும்.

கழற்றவே முடியாத வேலைகளும் உண்டு: அடித்து இறக்கிய வெள்ளிக் கம்பி, அடியில் அகன்று மேலே குறுகிய பள்ளத்தில் பூட்டிய துண்டு. இவற்றுக்குக் குளியல் வேண்டாம். எதிர்முனையை ஒரு சிறு பஞ்சுத் துண்டில் சுற்றிய எஃகுக் கம்பியோடு இணைத்து, பஞ்சைக் கரைசலில் நனைத்துப் பிழிந்து, டைட்டானியத்தின் மேல் மட்டும் தடவிக்கொண்டு போகலாம். பஞ்சு தேய்ந்து கம்பி நேராகப் பிடியைத் தொட்டால் ஷார்ட் ஆகும், அந்த இடத்தில் கருகல் புள்ளி விழும். துண்டின் மேல் லாக்கர் அல்லது நெயில் பாலிஷ் இரண்டு கோட் பூசி ஒரு இரவு காய வையுங்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தால்கூட அங்கிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பிக் காட்டிக்கொடுக்கும். பூச்சை எடுக்க அசிட்டோன் வேண்டும், அதே அசிட்டோன் உடனடிப் பசையையும் கரைக்கும். ஆகவே ஊற்றாமல், துணியில் தொட்டுத் துடைக்க வேண்டும். இந்த முறையில் 30 வோல்ட் வரையிலான பழுப்பு, ஊதா, நீலம் நன்றாகவே வரும். அதற்கு மேல் ஏறினால் திட்டுத் தெரியும்.

திரும்ப ஒட்டும்போது பள்ளத்தின் உட்பகுதியை 220 தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, மெதுவாக இறுகும் 24 மணி நேர எபாக்ஸியை உபயோகியுங்கள். ஐந்து நிமிட எபாக்ஸி ஈரத்திலும் சூட்டிலும் சீக்கிரம் விட்டுப்போகும். வெளியே பிதுங்கும் பசையை இறுகும் முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். நிறத்தின் மேல் ஒரு மெல்லிய பிசின் படலம் நின்றாலும் அந்த இடம் வேறு நிறமாகத் தெரியும், உலர்ந்தபின் சுரண்டினால் நிறமும் கூடவே வரும். ஒரு நாள் முழுவதும் அழுத்தத்தில் வைத்த பிறகே திருகுகளைப் பூட்டுங்கள்.

இப்படிக்கு,
கத்திப் பிடி வேலையில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்